இறுக்காத நட்டு

எண்பதுகளில் ஈப்போவில் எனக்கும் முருகையாவுக்கும் அடுத்தடுத்த வண்டிப் பட்டறைகள். வண்டியின் அடியில் அதிர்வைத் தாங்கும் தேய்ந்த ரப்பர் புஷ்களைக் கழற்றிவிட்டு, புதிதாக வந்த, நீண்டு உழைக்கும் பாலியூரித்தேன் புஷ்களை மாட்டுவதில் அவன் பேர் வாங்கிவிட்டான். என் வாடிக்கையாளர்களும் அவனிடமே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் வேலை முடித்து நிறுத்தியிருந்த பிக்கப்பின் அடியில் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தேன். புது புஷ்ஷைப் பிடிக்கும் ஒரு நட்டு இறுக்காமல் இருந்தது; ஓட்டத்தில் கழன்றால் வண்டி கட்டுப்படாது. அவன் பேர் கெடட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

வண்டிக்காரர், பீடோர் ஊர்க் காய்கறிக்காரர், வந்து வண்டியை எடுத்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பிள்ளை. மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போய் மறித்து, நட்டை இறுக்கினேன்.

மறுநாள், காய்கறிக்காரர் சொல்லிக் கேள்விப்பட்ட முருகையா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேள, நீங்க பாத்தீங்கண்ணே. இல்லாட்டி பெரிய கதையாயிருக்கும்லா!"

எப்போது பார்த்தேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.