மான்செஸ்டர்க்காரரின் நிழல்

யோகா முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மல்கிரேவிலிருந்து கார் ஓட்டிப் போய், யாரோ ஒருவரின் கட்டிலருகே இரவு முழுக்க விழித்திருந்து, காலையில் திரும்புவாள். புதிய வீடென்றால் எந்தப் படி வழுக்கும், எந்தக் கதவு தானாகச் சாத்தும் என்று நடந்து பார்த்த பிறகுதான் கைப்பையைக் கீழே வைப்பாள். அவள் பொறுப்பில் இருந்த எவரும் இதுவரை விழுந்ததில்லை. அவர்களிடம் அவள் பொய் சொன்னதும் இல்லை. மருந்து கசக்குமா என்று கேட்டால் கசக்கும் என்பாள்.

போன ஒக்டோபரில் அவளுக்குக் கிடைத்தவர் எஃப்ராயிம். எண்பத்தெட்டு வயது, கூன் முதுகு, மங்கிய கண். அறுவடைப் பண்டிகைக்காக மான்செஸ்டரிலிருந்து கோல்ஃபீல்டில் இருக்கும் மகள் தமாரிடம் வந்திருந்தார். அந்தப் பண்டிகையில் யூதர்கள் ஏழு நாளும் கொட்டிலில் சாப்பிட வேண்டும். பின்வளவில் அதற்கென ஒன்று நின்றது. வெள்ளைக் கன்வஸ் சுவர், வானம் தெரிய மேலே கொஞ்சம் ஓலை.

பண்டிகை முடிந்த மறுநாள் அவருக்கு விமானம். இதயம் தாங்காது, பறக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கிழவர் கேட்கவில்லை. ஏழாம் இரவு நிலவில் தன் நிழலைப் பார்ப்பாராம். நிழலுக்குத் தலை இல்லையென்றால் ஆள் அடுத்த ஒரு வருடத்தைத் தாண்டமாட்டார் என்பது அவர்களில் சிலரின் பழைய நம்பிக்கை. தலை இருந்தால் போவேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

தமார் குசினி அடுப்பருகே யோகாவைத் தனியாகப் பிடித்தாள். "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு இருக்கிறது. கண் தெரியாததால் உங்களைத்தான் கேட்பார். தலை இல்லை என்று சொல்லிவிடுங்கள், யோகா. எனக்கு அப்பா வேண்டும்."

ஏழாம் இரவு வேலைக்குப் போகுமுன் யோகா இதைக் கணவரிடம் சொன்னாள். அரியரத்தினம் சிரித்தார்.

"எங்கட ஆக்களும் உதைத்தானே சொல்லுறவை. தலையில்லா நிழல் கண்டா ஆறு மாசமாம். உவை ஒரு வருசம் குடுக்கினம். தாராளமான சனம்."

"பகிடியை விடுங்கோ. பொய் சொல்ல வேணுமாம்."

"சொல்லுமன். ஆள் உயிரோட இருக்கும்."

"ஒரு மனுசனைப் பாத்து உமக்குத் தலையில்லை எண்டு எப்பிடியப்பா வாயால சொல்லுறது? பலிச்சிட்டா?"

"அப்ப டொக்டரைச் சொல்லச் சொல்லும்" என்று அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

தேய்நிலவு நள்ளிரவு தாண்டித்தான் எழும்பியது. நாலரை மணிக்கு எஃப்ராயிம் வோக்கரைப் பிடித்துக்கொண்டு பின்வளவில் இறங்கினார். தெற்கு எந்தப் பக்கம் என்று கேட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மான்செஸ்டரில் எழுபது வருடமாக அப்படித்தான் நின்றாராம். முன்னே குனிந்து பார்த்தார். வெளிச்சம் மட்டும் கிடந்தது.

"தலை மட்டுமில்லை, ஆளையே காணோமே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

"உங்கள் ஊரில் நிலவு தெற்கால் போகும். பூமியின் இந்தத் தென்பாதியில் வடக்கால் போகும். உங்கள் நிழல் பின்னால் விழுகிறது" என்று யோகா அவரை மெல்லத் திருப்பினாள். உடுப்புக் காயப்போட்டே அவள் இந்த ஊரின் திசைகளைப் படித்தவள்.

நீண்ட நிழல் புல்லைக் கடந்து கொட்டிலின் வெள்ளைச் சுவரில் ஏறி நின்றது. வோக்கரின் கால்கள், கோட்டு, இரண்டு தோள்கள். தோளுக்கு மேல் வெறும் வெள்ளைக் கன்வஸ். பக்கத்தில் யோகாவின் நிழல், கொண்டையோடு முழுதாக இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். கம்பளித் தொப்பி போட்ட தலை அவர் கழுத்தில்தான் இருந்தது. சுவரில் இல்லை.

"என்ன தெரிகிறது?"

சொல்ல வேண்டியது ஒரே சொல். மகள் கேட்டதும் அதுதான், உண்மையும் அதுதான், அவரை விமானம் ஏறாமல் தடுப்பதும் அதுதான். யோகா அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"இருக்கு" என்றாள். "தலை இருக்கு."

அவர் மூச்சை விட்டார். உள்ளே போய்ப் படுத்து, உடனே குறட்டை விட்டார்.

கூன்தான் காரணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தலை முன்னால் தொங்குகிறது, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தோள் அதை மறைத்துவிடும். வெயில் வடகிழக்கில் ஏறிய பிறகு காலைச் சாப்பாட்டுக்கு அவரைக் கொட்டிலுக்கு நடத்திப் போனாள். வெயிலும் நிலவு நின்ற பக்கத்திலிருந்தே அடித்தது. அதே இடத்தில் நிறுத்தி, கோட்டுப் பொத்தான் போடுகிற சாட்டில் சுவரைப் பார்த்தாள். அதே கூன், அதே தோள். அதற்கு மேல் தொப்பியோடு தலை தெளிவாக விழுந்திருந்தது.

யோகா பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று தமார் கேட்டாள். கண் சிவந்திருந்தது.

"கண்டதைச் சொன்னேன்" என்றாள் யோகா. ஒரே வீட்டில் இரண்டாவது பொய்.

அவர் பறந்தார். இதயம் தாங்கியது. போன கிழமை, ஏப்ரலில், அவரே மான்செஸ்டரிலிருந்து யோகாவின் போனுக்கு எடுத்தார். குரலில் உற்சாகம்.

"நீ சரியாகத்தான் பார்த்தாய், யோகா. இருக்கிறேன் பார். அடுத்த பண்டிகைக்கும் வருகிறேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"வாங்கோ" என்றாள், தமிழிலேயே.

போனை வைத்த பிறகு கலண்டரை எடுத்தாள். அரியரத்தினம் சொன்ன ஆறு மாதம் கழிந்துவிட்டது; அவருடைய ஆட்கள் கொடுக்கிற ஒரு வருடம் முடிய இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் கிடந்தது.