மானிட்டர் பொருத்தம்

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் அக்காவைப் போல ஒரு சாமானைப் பார்த்து வாங்கத் தெரிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கேமிங் கம்ப்யூட்டர் வாங்க அவள் எங்களையெல்லாம் தஞ்சாவூருக்குக் கிளப்பிக்கொண்டு போனபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அது எனக்காகத்தான் வாங்கப்படுகிறது என்று முழுசாக நம்பினேன். பெயரிலேயே 'கேம்' இருக்கிறதே, வீட்டில் வேறு யார் விளையாடப் போகிறார்கள்?

உண்மையில் அது அக்காவின் தொழிலுக்கு. பூதலூர்ப் பக்கத்தில் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் வீடு கட்டினால், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வீட்டு முகப்பைப் போனில் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். சிவில் படித்த அக்கா வீட்டிலிருந்தபடியே அந்தப் படங்களை வரைந்து கொடுத்தாள். இன்றைக்கு எங்கள் ஊர் மெயின் ரோட்டில் நிற்கிற மாடி வீடுகளில் பாதி அவள் கை பட்டவை. அப்போது அவளிடம் இருந்தது கல்லூரிக் காலத்து லேப்டாப். ஒரு படத்தைப் போட்டுவிட்டு உலை வைத்து, சோறு வடித்து, மீன் குழம்பையும் இறக்கிவிட்டு வந்தால் பாதிச் சுவர்தான் எழும்பியிருக்கும். விளையாட்டுக்கென்று செய்த மிஷினில்தான் படத்தை வேகமாகத் தள்ளுகிற கார்டு உண்டு என்று கண்டுபிடித்தாள். தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் ரிப்பேர் என்று வரும்போது ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள், அதனால் பூட்டியே வருகிற செட்தான் வேண்டும் என்பதிலும் தெளிவாக இருந்தாள்.

அம்மாவின் கணக்கு வேறு. எங்கள் மாதா கோயில் உபதேசியார் ஒரு வரன் கொண்டு வந்திருந்தார். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கடை, ஒரே பையன், குணமான பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை வீட்டுக்கு வந்து பெண் பார்க்க மாட்டார்கள். மாதா கோயில் திருவிழாவிலோ ஜவுளிக் கடையிலோ தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி சந்திப்பார்கள். பிடிக்காமல் போனால் துணி எடுக்க வந்தோம், போனோம் என்று காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். இங்கே மாப்பிள்ளை வீடே கடை வைத்திருக்கிறது. அம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அக்காவுக்குக் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. போகிற வீட்டில் தன் தொழில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. பையனைப் பார்த்துவிட்டு அவள் சொல்வதே முடிவு என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் நாலு பேர் நடுவே வாயைத் திறந்து எப்படிச் சொல்வது? அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். பையனைப் பிடித்திருந்தால் 'மானிட்டர் பொருத்தமா இருக்கு' என்று அக்கா சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் 'பொருந்தல'. மானிட்டர் நிஜமாகவே பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்று அம்மா யோசிக்கவே இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

கடையில் ஏசி ஜில்லென்று இருந்தது. பையனின் அம்மா எங்களுக்குக் கூல்டிரிங்ஸ் கொடுத்தார். பையன் பளிச்சென்று இருந்தார். நேராக என்னிடம் குனிந்து, "வாங்க தம்பி, என்ன கேம் விளையாடுவீங்க?" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை 'வாங்க' என்றதில்லை. நான் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழல்கிற ஒரு சி.பி.யூ.வை அவர் முன்னால் தள்ளினார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அக்கா விளக்கைப் பார்க்கவில்லை. உள்ளே பவர் சப்ளை எந்தக் கம்பெனி, பின்னால் ரேம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எல்லாம் தரமான பொருள் தம்பி, கவலையே படாதீங்க" என்று அவர் என்னிடம் சொன்னார்.

அக்கா மூடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். போன் டார்ச்சை அடித்து, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்ததைப் படித்தாள். தான் வரைந்த பெரிய பங்களா ஒன்றைப் பென் டிரைவில் கொண்டு வந்திருந்தாள். அதை ஓடவிட்டு, பின்பக்கம் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். காதை ஒட்டி இரைச்சல் கேட்டாள். அடேயப்பா, உழவுக்கு மாடு பிடிக்கிறவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்! அப்பா கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்தது மானிட்டர். வில் மாதிரி வளைந்த ஒன்றை மாட்டினார். அதில் கார் ஓடினால் காது ஓரமாக ஓடுகிற மாதிரியே இருந்தது. அக்கா கைப்பையிலிருந்து பெயிண்ட் கடை ஷேடு கார்டை எடுத்து, பங்களா தெரிந்த திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கார்டில் சந்தன நிறம். திரையில் அதே சுவர் மஞ்சள் கிழங்காக இருந்தது.

"கலரைச் சரியா காட்டுற மானிட்டர் இருக்குங்களா?" என்றாள்.

"கேமுக்கு இதை அடிச்சுக்க ஆள் கிடையாது தம்பி" என்றார் அவர், என்னிடம்.

"வேலை பார்க்கிறது நானுங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. என் தோளைத் தட்டி, "அக்காவுக்கு லேப்டாப்பே போதுமே தம்பி, இல்லையா?" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா, பாவம், ஒன்றும் அறியாமல், "என்னம்மா, மானிட்டர் பொருத்தமா இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

எங்கள் அம்மா சிலையாகிவிட்டாள். அப்பாவுக்குப் புரையேறியது. வளைந்த மானிட்டர் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் நான்தான் முந்திக்கொண்டேன்.

"ரொம்பப் பொருத்தமா இருக்கு! இதையே எடுத்துக்கலாம்!"

அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா பதறவில்லை. ஷேடு கார்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சி.பி.யூ. நல்லா இருக்குங்க, எடுத்துக்கறோம். மானிட்டர் பொருந்தல."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால் சரியாகிவிடாதா என்று இழுத்தார். எதைக் கேட்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"அதோட வாகே அப்படிப்பா" என்றாள் அக்கா.

வேண்டாம் என்றதையும் வேண்டும் என்றதையும் ஒரே மூச்சில், யார் மனமும் நோகாமல் சொல்லிவிட்டு, பில்லையும் வாரண்டி அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் வெளியேறினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அன்றைக்கு வந்ததென்னவோ அழுகைதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓவென்று அழுதேன்.

பூதலூர் பஸ்ஸில் அப்பாவும் நானும் சி.பி.யூ. பெட்டியும் ஒரு சீட்டு. பின் சீட்டில் அம்மா அக்காவைப் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கண்ணு குறையா, மூக்கு குறையா, குடிக்கிறானா, கூத்தடிக்கிறானா, தொழிலை விடச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னானா?

"நான் கேட்டதுக்கெல்லாம் தம்பிகிட்டதானேம்மா பதில் சொன்னாரு" என்றாள் அக்கா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையை விட்டுவிட்டுத் திரும்பி, "ஆமாம்மா! எல்லாத்தையும் என்கிட்டதான் சொன்னாரு!" என்றேன்.

"இதெல்லாம் ஒரு குறையாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து, "ஏங்க, டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா திரும்பவில்லை. என் தொடையைத் தட்டி, "எடுத்தாச்சுன்னு சொல்லுடா" என்றார்.

"அம்மா, எடுத்தாச்சாம்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. அம்மா அப்பாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வருகிறவரைக்கும் விடவில்லை. அந்த வரனைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. டிக்கெட்டுதான் எடுத்தாயிற்றே, அதற்குப் போய் அம்மாவுக்கு ஏன் கண் கலங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.