ஒருமுறை அணைத்துப் பார்ப்பது

அலுவலகத்தில் அவருக்கு டிக் அண்ணன் என்று பெயர். சர்வர் அறையில் பதினாறு வருடம். மேசைக்கு மேலே ஏழு சான்றிதழ்கள், ஏழும் நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கிற தேர்வுகளில் வாங்கியவை. சரியான விடையை அவர் தேடுவதில்லை. தப்பான மூன்றைக் கழித்துக்கட்டுவார், மிஞ்சுவதை டிக் அடிப்பார். என்ன சமைக்கட்டும் என்று மனைவி கேட்டாலும், நாலு சொல்லு, மூணை வேண்டாங்கிறேன் என்பார்.

இந்த வருடம் எழுதவேண்டிய தேர்வைச் செய்முறைத் தேர்வாக மாற்றிவிட்டார்கள். ஒரு கணினி, பதினேழு வேலைகள். நேரம் முடிந்ததும் கணினியை அணைத்து மறுபடி கிளப்புவார்கள். அதற்குப் பிறகும் நிற்கிற வேலைக்குத்தான் மதிப்பெண். கணினி கிளம்பாவிட்டால் மொத்தமும் பூஜ்யம். தேறாதவர் சர்வரைத் தொடக்கூடாது, புகார் போன் எடுக்கிற மேசைக்குப் போகவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

போன மாதம் தேறிய பக்கத்து இருக்கைப் பெண் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணே, முடிச்சதும் நீங்களே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுங்க. பயந்துக்கிட்டு விட்டுடாதீங்க."

தேர்வு அறையில் அவர் கால் ஆடியபடியே இருந்தது. கண்காணிப்பாளர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பதினேழும் முடிந்தபோது இருபது நிமிடம் மிச்சம். எல்லாம் ஓடுகிறது. ஓடுகிறதை எதற்கு நிறுத்துவது? உள்ளங்கையைத் தொடையில் துடைத்தார். மறுபடி வியர்த்தது. ரீஸ்டார்ட் கொடுத்தார்.

நான்கு நிமிடம் வரி வரியாக ஓடிய எழுத்துகள் பாதியில் நின்றன. கணினி கிளம்பவில்லை, பழுதுபார்க்கிற கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

எது காரணம் என்று தெரியவில்லை. எது காரணம் இல்லை என்று பார்க்க ஆரம்பித்தார். நெட்வொர்க் இல்லை, அது இல்லாமலே கணினி கிளம்பும். பாஸ்வேர்டு இல்லை, ஏற்றுக்கொள்கிறது. மிஞ்சியது, புதிதாகச் சேர்த்த டிஸ்க். கிளம்பும்போது கணினி படிக்கிற பட்டியலில் அதன் அடையாள எண்ணை எழுதிய பிறகு, மனம் கேட்காமல் டிஸ்க்கை இன்னொரு தடவை ஃபார்மட் செய்திருந்தார். அதற்குப் புது எண் வந்துவிட்டது. கணினி பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

எண்ணை மாற்றி எழுதி நிமிர்ந்தபோது மூன்று நிமிடம் இருந்தது. கிளம்புவதற்கு நான்குக்கு மேல் வேண்டும். இனி பார்த்துக்கொள்ள வழியில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

முடிவு மறுநாள்தான். பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள், பாஸா ஃபெயிலா என்று. தெரியாது என்றார்.

"ரெண்டே ரெண்டுதானே இருக்கு. ஒண்ணைக் கழிச்சிடுங்களேன்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்து விளக்கை அணைத்தார். போட்டார். எரிந்தது. மறுபடி அணைத்தார்.

"பல்பு போயிடப் போகுதுங்க" என்றாள், இருட்டில்.