தேர்வீதியில் ஒரு பால்கனி

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களாக வரைந்து அலுத்துப்போய், ஓசூரில் தனியாக அலுவலகம் திறந்தேன். முதலில் வந்தது தேன்கனிக்கோட்டைத் தேர்வீதி வேலை. பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே கடை, மேலே வீடு. வேலை சின்னதுதான், வீட்டுக்கார அம்மா போட்ட நிபந்தனை சின்னதல்ல.

பக்கவாதம் வந்த அவர் கணவர், பழைய வீட்டின் பின்னறையிலேயே கிடந்தார். தேர் ஓடும் வீதியில் குடியிருந்தும் தேரைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. “எது இருக்குதோ இல்லியோ, அவரு உக்காந்த எடத்துலருந்தே தேரு தெரியணும்மா” என்றார் அந்த அம்மா.

எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் ஒரு வழக்கம். கடை எடுப்பவர் பெயர்ப்பலகையை மாடி ஜன்னல்வரை ஏற்றி மூடிவிடுவார். மேலே இருப்பவர்கள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைப்பார்கள். இதற்கு யாருக்கும் கோபம் வருவதில்லை. எனக்கு வந்தது. கடையை மூன்றடி உள்ளே தள்ளி, மேலே பால்கனி விட்டு, அதற்குக் கீழே பலகைக்கும் இடம் ஒதுக்கினேன்.

வீடு கட்டி முடிந்ததும் கீழே செல்போன் கடை வைக்க வந்தவர் திருநெல்வேலிக்காரர். தேருக்கு முந்தைய வாரம், பால்கனியை மறைத்துச் சட்டம் அடித்துத் தகரமும் ஏற்றிவிட்டார். கடை காலியாகிவிடுமோ என்ற பயத்தில் அந்த அம்மா அவரிடம் கேட்காமல் எனக்குப் போன் செய்தார். நான் வண்டியை முறுக்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

“போர்டு தெரியாம கடையா மேடம்? தாலியில்லாத கல்யாணம் மாதிரில்லா இருக்கும்!”

“தாலிய நெத்தியிலயா கட்டுவாங்க? மேல வாங்க சார்.”

மாடியில் கணவர் நாற்காலியில் அமர்ந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவர் பக்கத்தில் குனிந்து, அவர் பார்ப்பதைத் தானும் பார்த்தார். நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாயிற்று. “நாளைக்கே எறக்கிருதேன்” என்றவர், அன்று மாலையே இறக்கிவிட்டார்.

தேரன்று, கடைக்காரரே அந்த அம்மாவின் கணவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பால்கனிக் கம்பியோரம் நிறுத்தினார். தேர் முனை திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேரையே நான்தான் செய்தது மாதிரி கத்தினேன். வடம் பிடித்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, “டேய், நம்ம அண்ணன்டா!” என்று கூவினார். வடம் நின்றது. தேர் பார்க்க வந்த தெரு மொத்தமும் அவரைப் பார்த்தது.

அவர் நல்ல கையைத் தூக்கி, குழறிய நாக்கால், “நிக்காதீங்கடா, இழுங்க!” என்றார்.

தேர் நகர்ந்தது.