அட்டையில் இல்லாத பதில்

ஐலீன் மரியநாதன் இருபத்திரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவளுக்குத் தெரியாத மூலை கிடையாது. ஊசி என்றாலே முகத்தைச் சுளிக்கிற பெரியவர்கள்கூட அவள் வந்தால் பேசாமல் கையை நீட்டுவார்கள். கணவர் டாரில் திடீரென்று இறந்துபோன பிறகு அந்த வார்டுதான் அவளைத் தாங்கியது. அதை அவளே சொல்வாள், கொஞ்சம் கர்வமாகவே.

பிரேமலா அந்த வார்டின் சிஸ்டர், ஐலீனுக்கு மேலதிகாரி. ஆனால் இருவரும் ஒரே ஆண்டில் தாதியர் படிப்பு முடித்தவர்கள். இருவர் வீடும் தம்போய் வட்டாரத்தில்தான். பதினோரு வருடமாகப் பிரேமலாவின் காரில்தான் சேர்ந்து வேலைக்குப் போனார்கள். டாரிலின் அடக்கத்தன்று ஐலீனைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவள் செய்த வேலையை நினைத்தால் வயிறு எரிகிறது.

போன மார்ச்சில் ஊழியர்களுக்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி நடந்தது. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மண்டபம், இரண்டு நாள், காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக். சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், பதறாமல் காது கொடுங்கள் என்று பயிற்றுநர் படித்துப் படித்துச் சொன்னார். பிறகு இரண்டிரண்டு பேராக ஒத்திகை. நோயாளியாக நடிப்பவருக்கு ஒரு கற்பனைக் கதை எழுதிய அட்டை கொடுத்தார்கள். ஐலீனுக்குக் கிடைத்தது, பரீட்சையில் தோற்ற மாணவன்.

எதிரே உட்கார்ந்த பிரேமலா கேட்டாள்: "உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

ஐலீன் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். டாரில் இறந்த வருடம் தனக்கு அப்படித் தோன்றியதை, யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போய், மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்து மீண்டு வந்ததை, முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். பிரேமலா அழுதுவிட்டாள். அந்தப் பக்கம் வந்த பயிற்றுநர், நடிப்பு அபாரம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்தார். ஐலீனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடப் பாரம் இறங்கிவிட்டதாக நினைத்தாள், பாவம்.

திங்கட்கிழமை டூட்டி அட்டவணையில் அவள் பெயர் வார்டில் இல்லை. கீழே, நோயாளிகளைப் பதியும் கவுண்டரில் இருந்தது. தாதியர் தலைவியான மேட்ரன் கூப்பிட்டுக் குரலை இறக்கி, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார். டாக்டரிடம் கடிதம் வாங்கி வருகிறேன், என்னை வார்டிலேயே விடுங்கள் என்று ஐலீன் கெஞ்சினாள். அவர் பிடி கொடுக்கவில்லை. மண்டபமே அதை நடிப்பென்று நம்பியிருந்தது. உண்மை தெரிந்தவள் ஒருத்திதான்.

மாலையில் காரில் ஏறியதும், நீதான் சொன்னாயா என்று ஐலீன் கேட்டாள். பிரேமலா மறைக்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று தன் தலைதானே உருளும் என்றாள்.

"உன் நல்லதுக்கும்தான் லா சொன்னேன்."

"மேட்ரன்கிட்ட போறதுக்கு முன்னாடி, இப்ப எப்படி இருக்கேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ஸ்கூடாய் சாலையில் வழக்கமான நெரிசல். கொஞ்ச தூரம் போனதும் பிரேமலா, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தோடு, இப்போது அந்த மாதிரி எண்ணம் இருக்கிறதா என்று கேட்டாள். ஐலீன் அவள் பக்கம் திரும்பினாள்.

"இல்ல. வந்தா கண்டிப்பா சொல்வேன். டாக்டர்கிட்ட சொல்வேன், என் தங்கச்சிகிட்ட சொல்வேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்."