மூன்று முறை கழுவிய கார்பரேட்டர்

மத்திகிரி ஐசக்கின் அம்பாசடர் கரும்புகை விட ஆரம்பித்து எட்டு மாதமாயிற்று. அவன் மனைவி மேரிராணி செத்தும் எட்டு மாதம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐசக்குக்கு அப்போது எதுதான் தோன்றியது? சோறு போட்டால் தின்றான், போடாவிட்டால் கேட்கவில்லை. சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று மேரியின் அக்கா அருள்செல்வி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அதற்கும் "ஆமா" என்றான். மரக்கட்டைகூடத் தட்டினால் சத்தம் கொடுக்கும். இந்த மனுஷன் அதுவும் இல்லை.

பதினாறு வருஷ டிரைவர் அவன். கெலமங்கலத்தில் லாரி கிளீனராக ஏறி, ஓசூரில் ஃபாக்டரிகள் முளைத்தபோது பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கே ஓட்டிக்கொண்டிருந்தான். பெங்களூர் ஆபீசர்களை ஏற்றி இறக்குகிற வேலை. மேரிக்கும் அங்கேயே பேக்கிங்கில் வேலை. பிள்ளை குட்டி இல்லை. அவளும் போன பிறகு காலையில் எழுந்திருக்க அவனுக்கு மிச்சமிருந்த ஒரே காரணம் அந்தக் கம்பெனி ஓட்டம்தான்.

எண்பத்தேழு டிசம்பரில் அதற்கும் ஆபத்து வந்தது.

"ஏன் ஐசக்கு, காரு ஓட்றியா, செங்கச் சூளை ஓட்றியா?" என்றான் கேட் செக்யூரிட்டி ஆஞ்சப்பன். "மேனேஜரு கண்டிசனா சொல்லிட்டாரு. சனிக்கிழமையும் இப்படியே பொகை வுட்டா வண்டிய உள்ள வுடக் கூடாதாம். வேற காரு பாத்துட்டாங்கோ."

"சரி" என்றான் ஐசக்.

பாகலூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த கௌஸ் மொய்தீன் லேசுப்பட்ட மெக்கானிக் இல்லை. சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்துத் தேய்த்துப் பார்த்தார். கரி காய்ந்து பொடியாக உதிர்ந்தது, பிசுக்கு இல்லை. "ஆயில் எரியல. இன்ஜின் நல்லா இருக்குது. பெட்ரோலு ஜாஸ்தி, காத்து கம்மி. அவ்ளோதான்" என்றார். ஏர் ஃபில்டரைக் கழுவினார். கரி பிடித்த பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கார்பரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் அலசி ஊதி மாட்டினார். புகை நின்றது. ஐசக் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாளே ஆஞ்சப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

இரண்டாம் முறையும் அதே கதை. ஷெட்டில் சாது, ரோட்டில் சூளை. மூன்றாம் முறை வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து வந்த கௌஸ் மறுபடி கார்பரேட்டரைக் கழுவி மாட்டிவிட்டு, ஸ்பேனரைத் தரையில் வீசினார்.

"நீ ஓட்டு டிரைவரே, நானும் வர்றேன். கோளாறு என் கையில இருக்குதா, உன் வண்டியில இருக்குதான்னு பாத்துடலாம்."

இவ்வளவு நேரமும் ஷெட் பெஞ்சில் காத்திருந்த ஐசக்கின் மடியில் ஒரு சின்ன ஒயர் கூடை இருந்தது. பச்சையும் வெள்ளையுமாக மேரி பின்னியது, உள்ளே அவளுடைய டிபன் பாக்ஸ். ஐசக் சீட்டில் உட்கார்ந்தான். டேஷ்போர்டில் இருந்த சோக் குமிழை ஒரு விரற்கடை வெளியே இழுத்தான். அந்த இடுக்கில் கூடையின் காதை மாட்டினான். வண்டியை எடுத்தான். கௌஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் ரோடே தெரியவில்லை.

"நிறுத்துய்யா! இன்னா பண்ணிக்கினு இருக்கற நீ?"

"இன்னா பாய்?"

"சோக்க இழுத்து வுட்டு அதுல கூடைய மாட்டியிருக்கறியே! குளுருக்கு ரெண்டு நிமிசம் காத்த அடைக்க இழுக்கறது அது. நாளெல்லாம் இழுத்து வெச்சா பொகை வராம பன்னீரா வரும்?"

ஐசக் யாரோ மாட்டியதைப் பார்ப்பதுபோலக் கூடையைப் பார்த்தான்.

"மேரி எடுத்துக்குவா" என்றான். "எறங்கறப்ப எடுத்துக்கறேன்னுதான சொன்னா."

வேறு டிரைவராக இருந்தால் கௌஸ் ஸ்பேனராலேயே ஒரு போடு போட்டிருப்பார்.

மேரி இருந்தவரை தினமும் நடந்த சண்டைதான் அது. அவள் கூடையை மாட்டுவாள். "சோக்கு வெளிய வந்துக்குதுடி, தள்ளு" என்று ஐசக் கத்துவான். "இருங்க, எறங்கறப்ப எடுத்துக்கறேன்" என்பாள். கடைசி நாள் கம்பெனி வேப்பமரத்தடியில் இறங்கியவள் கூடையை மறந்துவிட்டாள். அவள் பத்தடி போன பிறகுதான் ஐசக் பார்த்தான். ஒரு ஹாரன் அடித்திருக்கலாம். சாயந்தரம் வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டான். பதினொரு மணிக்கு மேரி நின்ற இடத்திலேயே விழுந்தாள். மார்வலியாம். அதன் பிறகு டிபன் பாக்ஸை அருள்செல்விதான் கழுவி வைத்தாள். கூடையை மட்டும் ஐசக்கின் கை தினமும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டில் கூடையைக் கழற்றினால் குமிழும் உள்ளே போய்விடும், அதனால்தான் அங்கே புகை இல்லை.

கௌஸ் வண்டியை ஷெட்டுக்குத் திருப்பச் சொன்னார். இடது பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கொக்கியை முடுக்கினார்.

"கூடை இங்கயே இருக்கட்டும் ஐசக்கு. சோக்கு மட்டும் உள்ள போவட்டும். நீயே தள்ளு."

ஐசக் தள்ளினான்.

சனிக்கிழமை காலை ஆஞ்சப்பன் சைலன்சருக்குப் பின்னால் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தான். "அடேங்கப்பா, சுத்தமாயிடுச்சு! போ, போ" என்று கேட்டைத் திறந்தான்.

வேப்பமரத்தடியில் ஐசக் வண்டியை நிறுத்தினான். காலை ஷிஃப்ட் பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தான், பின்னால் புகையே இல்லை. குமிழ் உள்ளே அழுந்திக் கிடந்தது. திட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. கூடை கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐசக் ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். எட்டிச் சாய்ந்து இடது பக்கக் கண்ணாடியை இறக்கி, "மேரீ! கூடைய வுட்டுட்டுப் போறியேடி!" என்று கத்தினான். கத்தியது அப்படியே அழுகையாக உடைந்தது.

பேக்கிங் பெண்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கூடையைத் தெரியும்.