கவாத்து வெட்டிய குண்டுமல்லி

நீல பிளாஸ்டிக் ட்ரம்மைப் பாதியாக அறுத்து, அதில் வைத்த குண்டுமல்லிச் செடி. அமீரகத்தில், புஜைரா தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ரூம் வாசலில் பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான். வைத்தவர் ஸ்டோர் கீப்பர் அண்ணன், திண்டுக்கல் பக்கத்துக்காரர். அவர் அப்பாவின் பூந்தோட்டத்திலிருந்து வெட்டி வந்த குச்சி அது. அந்தத் தோட்டம் இப்போது வீட்டு மனை. இந்தச் செடி போனால் அந்த ரகம் அவருக்கு வேறெங்கும் இல்லை. டியூட்டி முடிந்து வரும்போது, எண்ணெய் டாங்குகளின் நெடியை மீறி அதன் வாசனைதான் முதலில் மூக்கில் ஏறும்.

ஒரு கார்த்திகைக் கடைசியில் செடியைக் குட்டையாக வெட்டினார். இலைகளை உருவினார். தண்ணீரையும் நிறுத்தினார். ஊரில் கவாத்து அப்படித்தானாம். காயப் போட்டால்தான் பங்குனியில் பூ கொட்டுமாம். சரிதான், ஊர் மண்ணில் வேர் கீழே இறங்கி ஈரம் தேடும். ட்ரம்முக்குள் எங்கே போய்த் தேடும்? குச்சிகள் மொறுமொறுவென்று ஆகிவிட்டன. நான் கத்திவிட்டேன்.

“அண்ணே, அங்க நிலம், இங்க டப்பா. பட்டினி போட்டே கொன்னுட்டீங்க.”

“மூடுறா. மல்லியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?”

கேம்ப் பாஸ் வந்து பார்த்தார். “கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு, இது விறகு. நாளைக்குக் குப்பை வண்டியில போட்டுரு.”

அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நகத்தால் தண்டைச் சுரண்டினேன். உள்ளே பச்சை. கேம்ப் பாஸிடம் சண்டை போட்டு, அடுத்த வண்டி வரைக்கும் தவணை வாங்கினேன். கேம்ப்புக்கு லாரியில் வரும் தண்ணீரின் உப்பு மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு, ஸ்டோர் ஆபீஸ் ஏசியில் சொட்டும் உப்பில்லாத தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினோம்.

தவணை முடியுமுன் ஒரு காலையில், பஸ் ஏறும் நேரத்தில் அண்ணன் போட்ட சத்தத்தில் தீப்பிடித்துவிட்டது என்று எல்லோரும் ஓடினோம். கணுவில் இரண்டு பச்சை முனைகள். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நெஞ்சில் வைத்திருந்த கல்லை எடுத்தது போலிருந்தது. அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியாடா, காயப் போட்டாத்தான் துளிர்க்கும்னு சொன்னேன்ல?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன்.

அண்ணன் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். செடி இங்கேதான் நிற்கிறது, பூக்கிறது. கார்த்திகை வந்தால் வெட்டுகிறேன். தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை. “காயப் போட்டியா?” என்று போனில் கேட்பார்.

“போட்டாச்சுண்ணே” என்பேன்.